அக்காவின் இடது புருவம்

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வியாபாரத்தை நடத்தியது அக்காவின் இடது புருவம். மிகைப்படுத்தவில்லை, முதலாளியே வாய்விட்டுச் சொன்னதுதான். வருகிறவர் ஒரு ஃபிரேமை எடுத்து மாட்டிக்கொண்டு, நிலைக்கண்ணாடியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் அக்கா பக்கம் திரும்பி எப்படி இருக்கிறது என்று கேட்பார். அக்கா வாயைத் திறக்க மாட்டாள். இடது புருவத்தை மட்டும் ஒரு நூல் அளவு மேலே தூக்குவாள். அவ்வளவுதான், அவரே கழற்றி வைத்துவிடுவார். பொருத்தமான ஃபிரேம் என்றால் இரண்டு புருவமும் இருந்த இடத்திலேயே இருக்கும், அக்கா பில் போடத் தொடங்கிவிடுவாள்.

மற்ற கடைகளில் இதே கேள்விக்கு "உங்க இஷ்டம் சார்" என்பார்கள். எது விற்றாலும் அவர்களுக்கு ஒன்றுதான். அக்காவின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை. பொருந்தாத ஃபிரேமை ஒருவர் தலையில் கட்டி அனுப்பினால் அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அந்த மனுஷன் காலையில் எழுந்ததிலிருந்து தூங்கப் போகும்வரை அதை மூஞ்சியில் சுமக்க வேண்டும் இல்லையா என்பாள்.

புருவம் என்றால் அப்படி ஒரு புருவம். கன்னங்கரேல் என்று, நெற்றிப் பொட்டு வரை ஓடி, நடுவில் மூக்குக்கு மேலே ஒன்றோடொன்று கை கோக்கப் போய் கடைசி நேரத்தில் வேண்டாம் என்று நின்றுவிட்ட மாதிரி இருக்கும். நூல் படாத புருவம். கடைவீதி முழுக்க அவளுக்குப் புருவக்கா என்றுதான் பெயர். எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். நான் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவள். மெஷின் தண்ணீர் முகத்தில் தெறிக்க, கண்ணாடித் தூள் கையெல்லாம் அப்பிக்கொள்ள, ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஃபிரேமில் ஏறாது, குறைந்தால் விழுந்துவிடும் என்று நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவளுக்கு மூஞ்சி வேறு எப்படி இருக்கும்? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பது உண்மைதான். ஆனால் இந்தக் கதையில் எனக்கு வந்த கோபம் நியாயமான கோபம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கூடப் பிறந்தவள் ஒரே ஒரு தங்கை. அவளை அக்கா தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள் என்றால் குறைவு. தங்கை சொன்னது, தங்கை வாங்கியது, தங்கையின் பிள்ளை பேசியது, இதைத் தவிர மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேறு பேச்சே கிடையாது. தங்கைக்குப் பிறந்ததிலிருந்தே புருவம் மெல்லிசு, இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும். காலையில் எழுந்ததும் பென்சிலால் வரைந்துகொண்டுதான் வெளியே வருவாள். அவர்களுடைய அப்பா இருந்தவரைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒரு வேடிக்கை சொல்வாராம், என் புருவத்தை மூத்தவளே மொத்தமாக வாங்கிக்கொண்டாள், சின்னவளுக்குக் கடை காலி என்று. வந்தவர்கள் சிரிப்பார்களாம். சின்னவளும் சிரிப்பாளாம். அக்கா இதை எனக்குச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சின்னவள் சிரித்துச் சிரித்து அதை எங்கே சேர்த்து வைத்தாள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே அன்றைக்குத் தெரியாது.

தங்கை அழகுக் கலை படித்து, ஊரின் இன்னொரு கோடியில் ஒரு பியூட்டி பார்லர் திறந்தாள். திறந்த கொஞ்ச நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்டியும் சாமானுமாக அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டு அக்காவை உட்கார வைத்து, முதலில் செல்போனில் முகத்தைப் படம் எடுத்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். உன் புருவம் நல்ல புருவம்தான், ஆனால் காடு மாதிரி கிடக்கிறது, நூல் போட்டுச் சரி செய்கிற கட்டமெல்லாம் தாண்டிவிட்டது, மொத்தமாக வேக்ஸ் போட்டு எடுத்துவிட்டால் புதிதாக முளைப்பது நான் போடுகிற கோட்டிலேயே, ஒரே சீராக வரும். மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வரும் என்று நம்பாத வீடு உண்டா? அக்காவும் நம்பினாள். தவிர, சொன்னது தங்கை.

"கண்ணை மூடிக்கோக்கா, அப்பதான் கண்ணுல படாது" என்றாளாம். அக்கா மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை கடைக்கு வந்தவளைப் பார்த்து எனக்கு ஒரு நிமிஷம் யாரென்றே தெரியவில்லை. முகத்தின் மேல்பாதியை யாரோ துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கண்ணுக்கு மேலே இரண்டு சிவந்த திட்டு, அவ்வளவுதான். நான் கையில் இருந்த லென்ஸைக் கீழே போட்டு உடைத்தேன். யார் இதைச் செய்தது, உனக்குப் புத்தி இருக்கிறதா, யாராவது கேட்டால் முகத்தைக் கொடுத்துவிடுவாயா என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அக்கா சிரித்தாள். ரெண்டு மாதத்தில் வந்துவிடும், அப்புறம் பார் என்றாள். சிரித்தாள் என்பதை நானாகத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. புருவம் இல்லாத முகத்தில் சிரிப்பு எது, சங்கடம் எது என்று பிரித்தறிவது அவ்வளவு சுலபம் இல்லை.

இதுதான் கடையிலும் பிரச்சினை ஆனது. ஃபிரேம் மாட்டிக்கொண்டு திரும்பிக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. பழக்கதோஷத்தில் நெற்றியைத் தூக்குவாள், அங்கே வெறும் தோல் சுருங்கும். வந்தவர் புரியாமல் நிற்பார். சரி, வாயால் சொல்லலாம் என்று ஒருவரிடம் இது உங்களுக்கு நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டாள். அவர் கோபித்துக்கொண்டு, உன் மூஞ்சியை முதலில் பார்த்துக்கொள் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டுப் போனார். வேறு சிலர் ரொம்பவும் அன்பாகப் பேச ஆரம்பித்தார்கள். பெரிய வியாதிக்கு வைத்தியம் நடக்கிறது என்று அவர்களாகவே முடிவு செய்து, தைரியமாக இருங்கம்மா, எல்லாம் சரியாகிவிடும் என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். அக்காவுக்குத் திட்டு வாங்கியதைவிட அதுதான் தாங்கவில்லை. இல்லாத வியாதிக்கு ஆறுதல் வாங்குவது திருட்டு மாதிரி இருக்கிறது என்றாள்.

வேர்வை நேரே கண்ணில் இறங்கியது. முகம் கழுவினால் சோப்புத் தண்ணீர் கண்ணில் இறங்கியது. புருவம் வெறும் அழகுக்கு இல்லை, அது ஒரு வாய்க்கால் வரப்பு என்று எனக்கே அப்போதுதான் தெரியும்.

கொஞ்ச நாள் பார்த்துவிட்டு முதலாளி நாசூக்காகச் சொன்னார், முளைக்கிற வரைக்கும் உள்ளே இரும்மா, வெளியே வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்று. கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் வியாபாரி. அப்படி அக்கா கல்லாப் பக்கத்தில் இருந்த தன் உயரமான நாற்காலியை விட்டு, பின்னறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தேய்த்த லென்ஸைத் துடைத்து, ஃபிரேமில் ஏற்றி, காதுக் கம்பியைச் சூடு காட்டி வளைத்து, திருகாணி முடுக்குகிற வேலை. நன்றாகத்தான் செய்தாள். ஆனால் வெளியே ஒரு குரல் எப்படி இருக்கிறது என்று கேட்டதும் தலை தானாக நிமிரும். புதிதாக வந்த பையன் "உங்க இஷ்டம் சார்" என்று சொல்வது கதவிடுக்கு வழியாகக் கேட்கும். அக்கா திருகாணியைக் கொஞ்சம் அதிகமாக முடுக்கிவிடுவாள்.

என்னிடம் லென்ஸில் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடி ஒன்று உண்டு. அதை வைத்து அக்காவின் நெற்றியை தினமும் பார்ப்பது எங்கள் வழக்கம் ஆகிவிட்டது. விளக்கைக் கிட்டே இழுத்து, முகத்தை மேலே தூக்கச் சொல்லிப் பார்ப்பேன். ஒரு நாள் பார்த்தால், இடது பக்கம் தோலுக்குள்ளிருந்து பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள். மிளகைத் தட்டித் தூவின மாதிரி. நான் கத்திய கத்தலில் முதலாளி ஓடி வந்தார். அக்கா அந்த இடத்தை விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்தாள், குத்துகிறது என்றாள், அழுதாள். வீட்டில் அப்பா படம் மாட்டியிருக்கிறது, இந்த முகத்தோடு அந்தப் படத்தைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது, அவருக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது என்று அன்றைக்குத்தான் சொன்னாள். அதுவரைக்கும் அந்த வருத்தத்தை மென்று விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

புள்ளி முடியாகி, முடி நீண்டு, பூதக்கண்ணாடி இல்லாமலே தெரிகிற அளவுக்கு வந்தது. இன்னும் கொஞ்ச நாள்தான், வெளியே போய் உட்கார்ந்துவிடலாம் என்று நாங்கள் இரண்டு பேரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த திங்கட்கிழமை வந்து நிற்கிறாள், நெற்றி மறுபடி மொழுமொழு என்று வெறுமை.

தங்கை எடுத்துவிட்டாளாம். முதலில் முளைப்பது சொத்தை முடி, வளைந்து வளைந்து வருகிறது, அதை எடுத்தால்தான் அடியிலிருந்து நல்ல முடி வரும் என்று சொன்னாளாம். ஒரு சின்ன பாட்டிலில் எண்ணெயும் கொடுத்திருந்தாள், அவளே தயாரித்தது, புருவம் வளர்கிற எண்ணெய், பார்லரில் நன்றாக விற்கிறதாம். ராத்திரி படுக்கும்போது மூன்று சொட்டு. அக்கா அதை மருந்து மாதிரி பக்தியாகத் தடவினாள். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்து ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, வளர்ச்சி பார்க்கிறேன் என்று படம் எடுத்துக்கொண்டு போனாள். பார்லர் பக்கம் மட்டும் வந்துவிடாதே அக்கா, இந்த முகத்தைப் பார்த்தால் கஸ்டமர் ஓடிவிடுவார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறாள். அக்கா அதை என்னிடம் வேடிக்கையாகவே திருப்பிச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுபடி புள்ளி வந்தது, மறுபடி முடி வந்தது, மறுபடி போனது. இந்தத் தடவை வலது பக்கம் வெளி ஓரத்தில் தோல் பொசுங்கி, சின்னதாகப் பளபளவென்று ஒரு தழும்பு.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"அந்த எண்ணெய் அவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னா, உன் தங்கச்சி ஏன்க்கா இன்னும் பென்சில்ல வரைஞ்சுக்கறா?"

அக்கா திருகாணி முடுக்கியைக் கீழே வைத்தாள். "என் தங்கச்சியைப் பத்திப் பேசாதே" என்றாள். குரல் உயரவில்லை. அதோடு பேச்சை நிறுத்தினவள்தான், நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேஜையில் முதுகைத் திருப்பிக்கொண்டு வேலை செய்தோம். லென்ஸைத் தட்டில் வைப்பேன், எடுத்துக்கொள்வாள். சாப்பாட்டு டப்பாவை நான் தனியாகத் திறந்தேன். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டோமே என்று இருந்தாலும், கேட்டது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்த டீச்சர் வந்தார். கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி போட்டிருந்தார், ஃபிரேம் தளர்ந்து மூக்கிலிருந்து சரிகிறது என்று கொண்டு வந்திருந்தார். வெளியே இருந்த பையனுக்கு அது வசப்படவில்லை, அக்காவைக் கூப்பிட்டான். அக்கா போய்க் கம்பியைச் சரி செய்து அவர் முகத்தில் மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் விரலை விட்டு அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி மாட்டியதும் டீச்சருக்கு எதிரே இருந்த முகம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அவருக்கும் புருவம் அரைகுறை. சின்ன வயதிலிருந்து பிடுங்கிப் பிடுங்கியே போக்கிக்கொண்டவராம்.

"நீங்க பார்லர் மேடத்தோட அக்காதானே?" என்று கேட்டார். ரொம்ப நாள் பழகினவரைப் பார்த்த சந்தோஷம் அவருக்கு. "நாம ரெண்டு பேரும் ஒரே நாள்ல எண்ணெய் ஆரம்பிச்சோம்னு சொன்னாங்க. உங்க போட்டோவைத்தான் வாரா வாரம் எனக்கு அனுப்புவாங்க."

அப்புறம் அவருக்கே குழப்பம் வந்துவிட்டது. அக்காவின் நெற்றியையே பார்த்தார். கைப்பையிலிருந்து போனை எடுத்து, தேடி, நீட்டினார். நான் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். வரிசையாகப் படங்கள். வெறும் நெற்றி. அப்புறம் புள்ளி. அப்புறம் கட்டையான முடி. கடைசியில், அதே ஜன்னல், அதே நாற்காலி, காடு மாதிரி இரண்டு புருவத்தோடு அக்கா நிறைந்த முகமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். தங்கை பெட்டியோடு வந்த அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வேக்ஸ் போடுவதற்கு முன்னால் எடுத்த படம். அதன் கீழே, எங்கள் அக்காவுக்கு முழுதாக வந்துவிட்டது, உங்களுக்கு வேர் கொஞ்சம் பலவீனம், இன்னொரு பாட்டில் தடவுங்கள் என்று எழுதியிருந்தது.

டீச்சர் மெதுவாக இன்னொன்றும் சொன்னார். தன் பள்ளிக்கூடத்தில் இன்னொரு டீச்சரும் வாங்குகிறார், அவர் தனக்கு ரொம்ப முன்னாலேயே சேர்ந்தவர், அவரிடமும் எங்கள் அக்கா உங்களோடுதான் ஆரம்பிக்கிறார் என்றுதான் சொன்னார்களாம். இப்போது புதிதாகச் சேர்ந்த ஒருத்தரிடமும் அதேதான் சொல்லியிருக்கிறார்கள்.

புதிதாக ஒரு கூட்டம் எண்ணெய் வாங்கச் சேரும்போதெல்லாம், முதல் படத்துக்கு வெறும் நெற்றி வேண்டும் என்று அக்காவுக்கு முளைத்த புருவம் போயிருக்கிறது. அது தானாகவே முளைத்த முடி. எண்ணெய் இல்லாமலே, ஒருவரையும் கேட்காமலே இரண்டு தடவை முளைத்த முடி. சொத்தையும் இல்லை, வளைசலும் இல்லை. வளரும் என்று வாக்குக் கொடுத்த கைதான் வளர வளரப் பிடுங்கியிருக்கிறது. பிறத்தியார் தலையில் மிளகாய் அரைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், இவள் கூடப் பிறந்தவளின் நெற்றியிலேயே அம்மி போட்டிருக்கிறாள்.

அக்கா டீச்சரின் போனைத் திருப்பிக் கொடுத்தாள். கண்ணாடி இப்போது சரிகிறதா என்று குனிந்து பார்க்கச் சொன்னாள். சரியவில்லை. அவரை அனுப்பிவிட்டு உள்ளே வந்து, தன் பையை எடுத்துக்கொண்டாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் என்னிடம் பேசினாள். "கூட வர்றியா?" என்றாள்.

முதலாளியிடம் சொல்லிக்கொள்ளாமலே போனோம். பஸ்ஸில் அக்கா நெற்றியை மறைக்கத் தடிமனான கறுப்பு ஃபிரேம் ஒன்றை மாட்டிக்கொண்டாள். நான் மனசுக்குள் அந்தத் தங்கையை என்னென்ன கேட்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனேன், எல்லாம் அச்சில் ஏற்ற முடியாத கேள்விகள்.

பார்லர் நன்றாகத்தான் இருந்தது. குளிர்ச்சியாக, வாசனையாக, ஒரு பக்கம் முழுக்க நிலைக்கண்ணாடி. வரவேற்பு சோபாவில் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். தங்கை உள்ளறையில் யாருக்கோ வேலை செய்துகொண்டிருந்தாள். அக்கா நேரே உள்ளே போவாள் என்று நினைத்தேன். அவள் சோபாவில் அந்தப் பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கறுப்பு ஃபிரேமைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

முதலில் ஒரு பெண் பார்த்தாள். அப்புறம் இன்னொருத்தி பார்த்தாள். முதல் பெண், நீங்கள் என்னோடு ஆரம்பித்தவர்தானே, எனக்கும் இன்னும் வரவில்லை என்று ஆதரவாகச் சொன்னாள். இரண்டாவது பெண், இல்லையே, இவருக்கு முழுதாக வந்துவிட்டதே, எனக்குப் போட்டோ வந்ததே என்றாள். இரண்டு பேரும் தங்கள் போனை எடுத்தார்கள். முன்னால் இருந்த மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு அக்காவைப் பார்த்தார்கள். அக்கா தலையைக் குனியவில்லை, முகத்தை நன்றாக வெளிச்சத்துக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அடுக்கி வைத்திருந்த கேள்வி ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

தங்கை கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். அக்காவைப் பார்த்தாள், மேஜையில் இருந்த இரண்டு போனைப் பார்த்தாள், பேயறைந்தவள் மாதிரி நின்றாள். பென்சிலால் வரைந்த புருவம் மட்டும் அழகாக வளைந்து அப்படியே இருந்தது.

"உள்ள வாக்கா. உள்ள வந்து பேசு."

"இங்கயே இருக்கேன்."

தங்கை குரலைத் தாழ்த்தினாள். கடை திறந்த புதிதில் ஈ காக்கை இல்லை, என்ன செய்வது என்று தெரியவில்லை, யாருக்கும் கெடுதல் இல்லாத எண்ணெய்தானே என்றெல்லாம் சொன்னாள். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் தங்கைக்குப் பொறுமை போய்விட்டது. அப்போது வந்ததுதான் உண்மையான பேச்சு.

"உனக்கு என்னக்கா, எத்தனை தடவை எடுத்தாலும் வளரும். சின்ன வயசுலேர்ந்து உனக்குத்தான் எல்லாம் வளரும். எனக்கு ஒரு தடவையாவது வந்துச்சா? அப்பா ஊரைக் கூட்டிச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே, நீயும்தானே கூட நின்னு சிரிச்சே."

 அக்கா சிரித்தது நிஜம்தான், அது அவள் முகத்தில் தெரிந்தது. ஆனால் அதற்கு இதுவா பதில்?

"போட்டோவைக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன்" என்றாள். "முடியைக் கேட்டிருந்தாக்கூட குடுத்திருப்பேன். நீ கேக்கலையே. கண்ணை மூடிக்கோன்னு சொன்னே. ஒவ்வொரு தடவையும் மூடிக்கிட்டேன்."

ஃபிரேமை மாட்டிக்கொண்டு எழுந்தாள். வெளியே வந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்த பிறகுதான் அழுதாள். தேம்பித் தேம்பி, சின்னப் பிள்ளை மாதிரி. புருவம் போனதற்கு அழவில்லை, அது எனக்குத் தெரியும். ஜன்னல் ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு, தங்கை கை நெற்றியில் படும்போது எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா, ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருப்பேன் என்றாள். 

பிறகு ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, எதையும் தடவ வேண்டாம், யாரும் தொட வேண்டாம், சும்மா விட்டுவிடுங்கள், பெரும்பாலும் வந்துவிடும், தழும்பு விழுந்த இடத்தில் மட்டும் சந்தேகம் என்றார். சும்மா விடுவது எவ்வளவு பெரிய வைத்தியம் என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தாள். போன் அடிக்கும், எடுக்க மாட்டாள். மற்ற நாளில் என் பூதக்கண்ணாடிக்கு முன்னால் வந்து முகத்தைத் தூக்குவாள். ஒன்று கவனித்தேன். முன்பெல்லாம் நான் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள், இப்போது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அவளை என்ன குற்றம் சொல்வது?

முடி வந்தது. தயங்கித் தயங்கி, முன்பைவிட மெல்லிசாக வந்தது. இடது பக்கம் கிட்டத்தட்ட பழைய மாதிரி. வலது பக்கம் வெளி ஓரத்தில், தழும்பு இருந்த இடத்தில், வரவே இல்லை. பாதியில் நிறுத்தின வாக்கியம் மாதிரி நிற்கிறது. அதைப் பென்சிலால் நிரப்பிக்கொள்ளலாமே என்று முதலாளி சொன்னார். பென்சில் என்ற பேச்சே வேண்டாம் என்றாள். உயரமான நாற்காலியில் அவள் மறுபடி ஏறி உட்கார்ந்த அன்று, முதல் ஆள் முட்டைக்கண் மாதிரி ஒரு வட்ட ஃபிரேமை மாட்டிக்கொண்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார். இடது புருவம் ஒரு நூல் அளவு மேலே போனது. அவர் கழற்றி வைத்தார். பின்னறையில் நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு அப்புறம் ஒரு நாள் தங்கை வந்தாள். பார்லரில் எண்ணெய் விற்பதை நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன், எவ்வளவு தூரம் உண்மையோ. கிட்டத்து வேலை கண்ணுக்குத் தெரிய மாட்டேன் என்கிறது, நூல் போடும்போது முடி இரண்டாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றாள். அவள் பார்லர் இருக்கிற தெருவிலேயே நல்ல கண்ணாடிக் கடை இருக்கிறது. அங்கே போகாமல் இங்கே வந்தாள் என்றால் கண்ணாடிக்கு மட்டும் வரவில்லை. நான் கதவிடுக்கில் நின்றேன், வேலை கிடந்தது கிடக்கட்டும் என்று.

அக்கா எழுந்து நின்றாள். வாங்க என்றாள், உட்காருங்க என்றாள். அந்த "ங்க"வைக் கேட்டதும் தங்கையின் முகம் கறுத்துவிட்டது. பரிசோதனை முடிந்து, பவர் தெரிந்து, ஃபிரேம் பார்க்க உட்கார்ந்தாள். அவள் முகம் சின்ன முகம். கை போன போக்கில் எடுத்தாளோ, வேண்டுமென்றே எடுத்தாளோ, பாதிக் கன்னத்தை விழுங்குகிற அகலமான சிவப்பு ஃபிரேம் ஒன்றை மாட்டிக்கொண்டாள். கடையில் அதைவிடப் பொருந்தாத ஒன்றை அவளுக்குத் தேட முடியாது. நிலைக்கண்ணாடியில் பார்க்கக்கூட இல்லை, அக்காவைத்தான் பார்த்தாள்.

"எப்படிக்கா இருக்கு?"

அக்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று காலையிலிருந்து எத்தனையோ பேருக்குத் தூக்கிக் காட்டின புருவம் அது. தங்கை அதையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு நூல் அளவு போதும், கழற்றி வைத்துவிடுவாள், இரண்டு பேரும் அழுதுவிடுவார்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் நம்பி வந்திருக்கிறாள் என்பது எனக்கே தெரிந்தது. நான்கூட, இவ்வளவு கோபக்காரி, தூக்கிவிடேன் அக்கா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

புருவம் அசையவில்லை.

"உங்க இஷ்டம், மேடம்" என்றாள் அக்கா.

தங்கை அந்தச் சிவப்பு ஃபிரேமையே வாங்கிக்கொண்டு போனாள். அதற்கு லென்ஸ் தேய்த்துக் கொடுத்தது நான்தான்.